விரிசலைக் கண்டதும் விரலை நீட்டலாமா?

பீடோங்கில் உள்ள என் பாட்டியின் வீடு கீழ்ப்பாதி கல், மேல்பாதி பலகை. தோட்டத்தில் பால்மரம் சீவிய தாத்தா, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கட்டியது. கடந்த பருவ விடுமுறையில் அங்குச் சென்றபோது, முன்சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் சரிவாக இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அது வாசலைக் கடக்கும்போதெல்லாம் அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் கலகலக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. லோரியைத் தடை செய்ய வேண்டும், இல்லையேல் வீட்டுக்கு முன் வேகத்தடை மேடு போட வேண்டும் என்று நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதி, பாட்டியிடம் படித்துக் காட்டினேன்.

"போன வருஷம் நடுராத்திரியில எனக்கு நெஞ்சு வலிச்சப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாரு? லோரி ஓடலைன்னா அவன் பிள்ளைங்க எப்படிப் படிக்கும்?" என்றார் பாட்டி.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அதிர்வைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். சமமான சாலையில் ஓடும் லோரி தரையை அதிகம் அதிரச் செய்வதில்லை. குழியிலோ மேட்டிலோ சக்கரம் மோதும்போதுதான் அந்த அடி தரைக்குள் அலையாகப் பரவுகிறது. சுமையும் வேகமும் கூடினால் அடியும் பலமாகும். அப்படியென்றால், நான் கேட்ட வேகத்தடை மேடே பாட்டியின் சுவருக்கு எதிரியாகியிருக்கும்!

இன்னொன்றும் தெரிந்தது. ஜெர்மனியின் 'டிஐஎன் 4150' தரநிலை, குறைந்த அதிர்வெண் கொண்ட அதிர்வுகளுக்குச் சாதாரண குடியிருப்புகளில் நொடிக்கு 5 மில்லிமீட்டரையும், பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களில் 3 மில்லிமீட்டரையும் வழிகாட்டி அளவாகச் சொல்கிறது. மனித உடலோ அதில் பத்தில் ஒரு பங்கு அதிர்வையே உணர்ந்துவிடும். ஆகவே, குவளை கலகலப்பது சுவர் உடைவதற்குச் சான்று ஆகாது. மழையில்லாத மாதங்களில் களிமண் சுருங்குவதாலும், அருகிலுள்ள மரத்தின் வேராலும்கூட சுவர் விரியலாம். அதற்காக லோரிக்குப் பங்கே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் யாரையும் குற்றம் சாட்ட முடியாது என்றுதான் சொல்கிறேன்.

விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "சொல்லியிருந்தா முன்னாடியே மெதுவா ஓட்டியிருப்பேனே!" என்றார் அண்ணன். இப்போது வாசலருகே வேகத்தைக் குறைக்கிறார். புதிய கடிதத்தை இருவரும் சேர்ந்தே எழுதினோம். எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள குழியை அடைக்க வேண்டும் என்பதே அதன் ஒரே கோரிக்கை.

நண்பர்களே, சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ் என எங்கு பார்த்தாலும் தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பழைய வீடுகளும், பிழைப்புக்காக ஓடும் லோரிகளும் அருகருகேதான் இருக்கின்றன. படித்த நாம் முதலில் எடுக்க வேண்டியது புகார்க் கடிதத்தை அன்று, ஒரு பென்சிலை. அடுத்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். விரிசல் வளர்ந்ததா இல்லையா என்பதை அடுத்த விடுமுறையில் அந்தக் கோடு சொல்லிவிடும். வளர்ந்திருந்தால் பொறியாளரை அழைப்போம். அப்போதும் பக்கத்து வீட்டு அண்ணன் எங்கள் பக்கம்தான் நிற்பார்.