ராணி போயாச்சு, புத்தி?

லோயர் கேம்ப் போயிருக்கிறீர்களா? மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். கம்பம் பள்ளத்தாக்கையே வாழவைக்கும் அந்தப் பெரியாற்றுத் தண்ணீர், ஒரு ராஜா போட்ட கையெழுத்தில் வருகிறது.

1886-ல் எழுதிய பத்திரம். கொடுத்தவர் திருவிதாங்கூர் மகாராஜா. வாங்கியவர் விக்டோரியா ராணியின் இந்தியா மந்திரி. 999 வருஷக் குத்தகை. ஏக்கருக்கு 5 ரூபாய். 1970-ல் அது 30 ஆச்சு. இன்று மகாராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. '1947-லேயே காலாவதி' என்று கேரளா வாதாடிப் பார்த்தது. 2014-ல் சுப்ரீம் கோர்ட், 'செல்லும்' என்று சொல்லிவிட்டது. பத்திரத்தில் ராஜா பெயர் இருப்பதால் எந்த விவசாயிக்கும் நஷ்டமில்லை.

இதே பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரனின் இன்னொரு காகிதமும் இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம். பிரமலைக் கள்ளர்களைக் கைரேகை உருட்ட வைத்து, ராத்திரியானால் போலீஸ் கண்ணெதிரே படுக்க வைத்த சட்டம். எதிர்த்தவர்களுக்கு 1920-ல் உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக் குண்டுதான் பதில். அதில் 'மன்னர்' என்பதை அடித்துவிட்டு 'சர்க்கார்' என்று எழுதியிருந்தால் ரேகை உருட்டுவது நின்றிருக்குமா? 1947-ல் சட்டத்தையே தூக்கி எறிந்தபோதுதான் சார் நின்றது!

ஆனால், நம்மவர்களுக்குப் பெயரை அடிப்பதில்தான் ஆசை. 1950 ஜனவரி 26 அன்று ஓர் உத்தரவில், தண்டனைச் சட்டத்தில் இருந்த ராணியை வெளியேற்றினார்கள். தேசத்துரோகப் பிரிவான 124-ஏ-வில் 'மாட்சிமை தங்கிய ராணி' போனார். பிரிவு போகவில்லை! ராணியைத் திட்டினால் குற்றம் என்பது போய், சர்க்காரைத் திட்டினால் குற்றம் என்பது மட்டும் மிச்சமாச்சு.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள். சாட்சியச் சட்டத்தில் அதுவரை குந்தியிருந்த 'லண்டன் கெஜட்' ஒழிந்தது. சந்தோஷம். 'தேசத்துரோகம்' என்ற வார்த்தையும் ஒழிந்தது. அதனிடத்தில் வந்திருக்கும் 152-வது பிரிவைக் கொஞ்சம் படியுங்கள். பழசில் ஆயுள் தண்டனை, இல்லாவிட்டால் 3 வருஷம் வரை ஜெயில். புதுசில் ஆயுள் தண்டனை, இல்லாவிட்டால் 7 வருஷம் வரை!

நான் படித்தது வணிகவியல். கடையின் போர்டை மாற்றிவிட்டு விலையை ஏற்றுவதற்கு எங்கள் பாடத்தில் சுதந்திரம் என்று பெயரில்லை.

'அடிமைச் சின்னங்களை ஒழித்துவிட்டோம்' என்று அடுத்த தடவை யாராவது மேடையில் மார்தட்டினால், கை தட்டுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மூணு எப்படி சார் ஏழாச்சு?