வீட்டை இடிக்கிறவனுக்கு கேமராவைக் கண்டா ஏன் பயம்?



"ஒரு டாக்குமெண்டரி படத்துக்கு எதுக்குங்க இவ்வளவு சத்தம்? அதைப் பார்க்கிறதே நாலு பேரு" என்று சிலர் கேட்கிறார்கள்.

சரி, நாலு பேருதான்னே வெச்சுக்குவோம். அந்த நாலு பேரும் பார்த்துடக் கூடாதுன்னு அரசாங்கங்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுது? பதில் சொல்லட்டும்.

மேற்குக் கரையில், ஹெப்ரானுக்குத் தெற்கே உள்ள மலைகளில் இருக்கிறது மசாஃபர் யாட்டா. ஆடு மேய்த்து, மானாவாரி விவசாயம் செய்து வாழும் பாலஸ்தீன மக்களின் சின்னச் சின்ன ஊர்கள். 1980களில் இஸ்ரேல் இராணுவம் அந்த மண்ணுக்கு ஒரு பேர் வைத்தது: 'துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி மண்டலம் 918'. அவ்வளவுதான். சொந்த வீட்டில் இருந்தவன் ஆக்கிரமிப்பாளன் ஆயிட்டான். இருபது வருசத்துக்கு மேல கோர்ட் படி ஏறினார்கள். 2022 மே மாதம் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், அந்த மக்களை வெளியேற்றலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வீடு, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே தீர்ப்பில் கேள்விக்குறி.

அந்த ஊர்க்காரர் பாசல் அத்ராவும், ஹம்தான் பல்லாலும், இஸ்ரேலியர்களான யுவால் ஆப்ரஹாம், ரேச்சல் சோரும் சேர்ந்து எடுத்த படம்தான் 'நோ அதர் லேண்ட்'. வேறு நிலம் இல்லை என்று அர்த்தம். படத்தில் பள்ளிக்கூடத்தை இடிக்கிறான். கிணத்துக்குள்ள சிமெண்ட் கலவையை ஊத்தி மூடுறான். ஜெனரேட்டரைப் பறிக்க வந்தவர்களைத் தடுத்த இளைஞனைச் சுடுகிறான். அந்தப் பிள்ளை கழுத்துக்குக் கீழே செயலிழந்து, வீடும் இல்லாமல் குகைக்குள் படுத்துக் கிடக்கிறான். பக்கத்திலேயே தாய்.

கிணத்துல சிமெண்ட் ஊத்துறது என்றால் என்ன என்று விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வீடு இடிந்தால் திரும்பக் கட்டலாம். தண்ணியை அடைச்சா, "திரும்பி வராதே" என்று அர்த்தம்.

"ரெண்டு பக்கத்தையும் காட்டணும் சார்" என்று நடுநிலை பேசுகிறவர்களே, இந்தப் படத்தை எடுத்தவர்களில் ரெண்டு பேர் பாலஸ்தீனியர், ரெண்டு பேர் இஸ்ரேலியர். ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் எடுத்திருக்கு! அதையும் பொறுக்க முடியலைன்னா உங்க பிரச்சினை நடுநிலை இல்லை, உண்மை.

2025 மார்ச்சில் சிறந்த ஆவணப் படத்துக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது. ஆனா அமெரிக்காவில் வெளியிட பெரிய விநியோக நிறுவனம் ஒண்ணுகூட முன்வரவில்லை. படம் எடுத்தவர்களே தியேட்டர் தியேட்டராகக் கொண்டு போனார்கள். விருது வாங்கி ஒரு மாசம்கூட ஆகல, ஹம்தான் பல்லால் சொந்த ஊரில் தாக்கப்பட்டார். அடி வாங்கினவரையே இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. ஜூலையில், படத்துக்கு உதவிய ஆசிரியர் அவ்தா ஹதலீன் தன் ஊரிலேயே குடியேற்றக்காரர் ஒருவரின் துப்பாக்கிக்குப் பலியானார்.

'மண்டலம்' என்ற அந்த வார்த்தை நமக்குப் புதுசா, தோழர்களே?

2009இல் வன்னியில் சிங்கள அரசு ஒரு பகுதியைக் காட்டி, "இது சூட்டுத் தவிர்ப்பு வலயம், இங்கே வாங்க" என்றது. நம்பிப் போன நம் மக்கள் மேலேயே குண்டு விழுந்தது. அங்கே 'சுடும் மண்டலம்' என்று சொல்லி விரட்டினான். இங்கே 'சுடாத வலயம்' என்று சொல்லிக் கூப்பிட்டுச் சுட்டான். பேர்தான் வேற.

கேலம் மெக்ரே 2013இல் எடுத்த படத்தின் பேரே 'நோ ஃபயர் சோன்'. செத்துக்கொண்டிருந்த மக்களே எடுத்த காட்சிகளும், சிங்களச் சிப்பாய்கள் வெற்றிப் பெருமைக்காக செல்போனில் எடுத்து வைத்த காட்சிகளும் அதில் இருக்கு. கொன்றவன் கையில் இருந்த போனே சாட்சியாகி நிற்கிறது.

இந்தியாவில் என்ன நடந்தது? 2014இல் தணிக்கை வாரியம் அந்தப் படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. காட்சிகள் மனதைப் பாதிக்குமாம். இலங்கையோடு உள்ள நட்புறவு கெட்டுப் போகுமாம்! தமிழன் உயிர் போனதில் கெடாத நட்பு, அதைப் படமாப் போட்டா கெட்டுடுமாம். அப்போது டெல்லியில் ஆண்டது காங்கிரஸ் கூட்டணி. பா.ஜ.க. வந்தது, ஏதாவது மாறியதா? 2017இல் கேரளத்தின் ஆவணப் பட விழாவில் ரோஹித் வெமுலா பற்றிய படம் உட்பட மூன்று படங்களுக்கு ஒன்றிய அமைச்சகம் அனுமதி மறுத்தது. அதில் ஒன்று காஷ்மீர் பற்றியது.

அதே காஷ்மீர் பற்றி 2022இல் 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' வந்தபோது? பா.ஜ.க. ஆளும் மாநிலங்கள் வரிசையாக வரிவிலக்கு கொடுத்தன. பிரதமரே பாராட்டினார்.

தெளிவாகச் சொல்கிறோம். பண்டிட்டுகள் வீட்டை விட்டு ஓடியது உண்மை, அந்த வலி உண்மை. அதைப் படம் எடுப்பது அவர்கள் உரிமை. நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு அகதியின் கண்ணீருக்கு வரிவிலக்கு, இன்னொரு அகதியின் கண்ணீருக்குத் தடையா? இது இரக்கம் இல்லை. தேர்தல் கணக்கு.

வீட்டை இடிக்கிறவன் அதோடு நிற்க மாட்டான். அங்கே ஒரு வீடு இருந்தது என்ற நினைப்பையும் இடிச்சாத்தான் அவன் வேலை முடியும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தது அதற்குத்தான். 2021 ஜனவரியில் யாழ் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூணை ராத்திரியில் புல்டோசர் வைத்து இடித்ததும் அதற்குத்தான். மாணவர்கள் பட்டினி கிடந்து போராடியதால் மறுபடி அடிக்கல் நாட்ட வேண்டியதாயிற்று.

பட்டாவைக் கிழிக்கலாம், பத்திரத்தை எரிக்கலாம், ஊர்ப் பேரையே மாத்தலாம். நிலம் இழந்தவன் கையில் மிச்சம் இருக்கும் ஒரே பத்திரம் அந்த வீடியோதான். அதனால்தான் கேமராவைக் கண்டா பயம்.

எங்கள் கோரிக்கை: 'நோ ஃபயர் சோன்' மீதான மறுப்பை மறுபரிசீலனை செய்! ஆவணப் பட விழாக்களில் அரசியல் பார்த்து அனுமதி மறுப்பதை நிறுத்து!

தோழர்களுக்கு ஒரு வேலை. நம் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே உள்ள பெரியவர்கள் பலரும் விட்டு வந்த வீட்டை இன்னும் மனசுல கட்டி வெச்சிருக்காங்க. கிணறு எங்கே, முற்றத்துல என்ன மரம், பக்கத்து வீட்டுல யாருன்னு கேட்டுப் பாருங்க. அவர்கள் சம்மதித்தால் போனில் பதிவு பண்ணுங்க. முகமோ பேரோ வேண்டாம் என்றால் குரல் மட்டும் போதும். அந்தப் பதிவு முதலில் அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தம், அப்புறம்தான் நமக்கு.

அவர்களுக்கு வயசாகுது. நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க.

பாருங்கள். பத்துப் பேரைக் கூட்டி உட்கார வைத்துக் காட்டுங்கள். பேசுங்கள்.

#வேறுநிலம்இல்லை
#நினைவும்நம்உரிமை