‘டக்’ சத்தம் கேட்டதும் கை நிற்க வேண்டும்

போல்ட்டை முறுக்கும்போது, சரியான இறுக்கம் வந்ததும் டார்க் ரெஞ்ச் ‘டக்’கென்று சத்தம் கொடுக்கும். அதோடு கையை நிறுத்திவிட வேண்டும். புதிதாக வந்த பையன் நிறுத்த மாட்டான். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லதுதானே என்று மறுபடி இழுப்பான். போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டு வலுவிழக்கும். இதை வகுப்பில் படம் போட்டுக் காட்டலாம். ஆனால், பக்கத்தில் நிற்கும் அண்ணன் அவன் கைமேல் கைவைத்து, “போதும் தம்பி, சத்தம் கேட்டுச்சா?” என்று சொன்னால்தான் அது மனதில் தங்கும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. ஐடிஐ, டிப்ளமோ முடித்த கையோடு பிள்ளைகள் வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. பாராட்ட வேண்டிய பணி. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்று விதியும் இருக்கிறது. அப்படி வருபவர்களை லைனில் யார், எந்த நேரத்தில் பழக்குவது?

நான் ட்ரெய்னியாகச் சேர்ந்த இடத்தில் முதல் வாரமே ஒரு சந்தேகம் கேட்டேன். “டிப்ளமோ படிச்சவன்தானே, இதுகூடத் தெரியாதா?” என்றார் லைன் லீடர். அதன்பின் ஆறு மாதம் நான் வாய் திறக்கவில்லை. தெரியாததையும் தெரிந்ததுபோலவே செய்தேன். பிரஸ் மெஷின் பக்கத்தில் அப்படிச் செய்தால் விரல் போய்விடும்.

அவர் மீது எனக்குக் கோபமில்லை. மணிக்கு இத்தனை பீஸ் என்று பலகையில் எழுதியிருக்கும். எனக்காக ஐந்து நிமிடம் நின்றால் அந்தக் கணக்கு குறையும். அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மாற்ற வேண்டியது அந்தப் பலகையைத்தான். புதியவர்கள் வரும் லைனுக்கு முதல் இரண்டு வாரம் இலக்கைக் குறையுங்கள். பிரேக்டவுன் நேரத்தை எழுதுவதுபோல், கற்றுக்கொடுத்த நேரத்தையும் எழுதுங்கள்; சம்பள உயர்வின்போது அதைக் கணக்கில் எடுங்கள். லைனுக்கு வெளியேயும் ஒன்று இருக்கிறது: ட்ரெய்னி சட்டையின் நிறம் வேறு என்பதாலேயே கேண்டீனில் ஒதுங்கி உட்காரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவர்களை நம் மேசைக்குக் கூப்பிடுவதற்கு எந்த மேலாளரின் அனுமதியும் வேண்டாம்.

அடுத்த பேட்ச் வரும்முன் இதைத் தொடங்குங்கள்.

கட்டுரையாளர்: தொழிற்சாலைப் பயிற்சிப் பொறியாளர்.