சக்கரத்தைக் கழற்றி மாட்டியதும் ஸ்டீயரிங் உதறுதா? எந்த போல்ட்டில் மாட்டினோம் என்பதுதான் காரணமா?

சீர்காழியைத் தொட்டுச் செல்லும் விழுப்புரம் - நாகப்பட்டினம் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழிச்சாலையாக மாறி வருகிறது. பழைய ரோட்டில் 50, 60-க்கு மேல் போகாத கார்கள் புதிய பகுதிகளில் சாதாரணமாக 90-ஐ தொடுகின்றன. அதுவரை தெரியாத உதறல் அப்போதுதான் ஸ்டீயரிங்கில் தெரிய ஆரம்பிக்கிறது. "பஞ்சர் ஒட்டி மாட்டினதுல இருந்துதான் இப்படி ஆடுது" என்று சந்தேகம் கடைக்காரர் மேல் போகும். அவரோ, "எந்த ஓட்டைல மாட்டினா என்னண்ணே, சக்கரம் ஒண்ணுதானே" என்பார்.

யார் சொல்வது சரி?

கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் சரி. முழுக்க சரி இல்லை.

பேலன்சிங் மெஷினில் சுற்றுவது ரிம்மும் டயரும் மட்டும்தான். காரில் மாட்டிய பிறகு ஹப், பிரேக் டிஸ்க் அல்லது டிரம் எல்லாம் சேர்ந்து சுற்றும். அவற்றுக்கும் சிறிய எடை ஏற்றத்தாழ்வு உண்டு. சக்கரத்தில் மிச்சமிருக்கும் கனமும் ஹப்பின் கனமும் ஒரே பக்கம் சேர்ந்தால் உதறல் கூடும், எதிரெதிர் பக்கம் வந்தால் குறையும். நான்கு போல்ட் என்றால் நான்கு வாய்ப்பு. அதனால்தான் கவனமான மெக்கானிக், கழற்றும் முன்பே போல்ட்டிலும் ரிம்மிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுவார். சக்கரத்தைக் காரிலேயே வைத்து பேலன்ஸ் செய்திருந்தால் இந்தக் கோடு கட்டாயம்.

ஆனால் டயரையே ரிம்மில் இருந்து கழற்றினால் கதை வேறு. டயர் திரும்பி உட்காரும் இடம் மாறிவிடும், பழைய பேலன்ஸ் கணக்கு செல்லாது. மறுபடி பேலன்சிங் செய்தே ஆக வேண்டும்.

30 கிராம் என்ன செய்துவிடும்?

14 இன்ச் ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் அது சுமார் 2.8 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை இழுக்கும், அதுவும் நொடிக்கு 11 முறை. 100-ல் அது 4.4 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு.

டெல்டாவின் தனிப் பிரச்சனை

அந்த 30 கிராமை இங்கே சேறே கொடுத்துவிடும். நடவு சீசனில் டிராக்டர்கள் வயலில் இருந்து ரோட்டுக்கு இழுத்து வரும் களிமண், ரிம்மின் உள்பக்கம் ஒட்டிக் காய்ந்துவிடும். காசு கொடுத்து பேலன்சிங் செய்யும் முன் உள்பக்கத்தை தண்ணீர் அடித்துக் கழுவிப் பார்ப்பது நல்லது. பாதி நேரம் பிரச்சனை அங்கேயே முடிந்துவிடும்.

அதைவிட மோசமானது, ஹப் முகத்தில் படியும் சேறும் துருவும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படித் தண்ணீரில் நின்ற கார்களில் துரு ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் துரு மேல் மாட்டினால் சக்கரம் நேராக உட்காராது. மெஷினில் ஜீரோ காட்டிய சக்கரம்கூட ரோட்டில் ஆடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும், ஆனால் அவசரத்தில் யாரும் செய்வதில்லை.

நட்டுகளை வரிசையாக முடுக்குவதும் தவறு. எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அதற்கு முன்பே உதறல் திடீரென கூடினால் ஓரமாக நிறுத்தி முதலில் நட்டைப் பாருங்கள். அது பேலன்ஸ் கோளாறாக இல்லாமல், சக்கரம் கழன்று வருவதாகக்கூட இருக்கலாம்.