மூன்றாவது பாடம் எது?

ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்தில் ஜீ.சீ.எஸ்.ஈ. பெறுபேறுகள் வெளியானதும், தோர்ண்டன் ஹீத், குறொய்டன் பகுதித் தமிழ் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். உயர்தர வகுப்பில் பிள்ளை எந்த மூன்று பாடங்களை எடுப்பது? விடை பெரும்பாலும் முன்னரே முடிவாகியிருக்கும்: கணிதம், பௌதிகம், இரசாயனம். பத்து வருடம் பயின்ற பரதமும் மிருதங்கமும் சித்திரமும் அத்துடன் மூட்டை கட்டப்படும். அரங்கேற்றப் படம் சுவரில் தொங்கும். சலங்கை பெட்டிக்குள் போய்விடும்.

இது பெற்றோரின் அன்பினால் விளைவதே. ஊரையும் வீட்டையும் இழந்து வெறுங்கையோடு வந்திறங்கியவர்களுக்கு டொக்டர், எஞ்சினியர் என்ற பட்டங்களே ஊன்றுகோலாய்த் தெரிந்தன. அதனைக் குறைகூறுதல் தகாது. ஆயினும் கலை வேறு, பொறியியல் வேறு, ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டேயாக வேண்டும் என்ற எண்ணம் சரிதானா என்பதை ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை அறியாத ஈழத்துச் சைவர் இலர். 1877இல் கொழும்பிலே பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த அப்பெரியார், இலண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியிற் படித்தது சிற்பமோ தத்துவமோ அன்று. தாவரவியலும் புவியியற் பாறை ஆய்வும். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்தார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளின் கண்டுபிடிப்பிலும் அவருக்குப் பங்குண்டு. கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றபோதுதான் கல்லிலும் மரத்திலும் உலோகத்திலும் வேலை செய்த கைவினைஞரின் வாழ்வும், அவர்களது தொழில் நலிந்து வருவதும் அவர் கண்ணிற் பட்டன. அதன் பயனாக 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது. 1917இல் பொஸ்டன் நூதனசாலையிற் சேர்ந்து, 1918இல் சிவ நடனம் பற்றிய நூலை உலகுக்குத் தந்தார். விஞ்ஞானப் பயிற்சி அவரது கலைக்கண்ணை மறைக்கவில்லை, கூர்மையாக்கியது.

அவர் விளக்கிய நடராஜத் திருவுருவமே இதற்குச் சான்று. தாள அளவு கணித்து மெழுகில் உருவமைப்பது வடிவமைப்பு. மண் பூசிச் சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பது பொறியியல். திருமுகத்தில் அருளைக் கொணர்வது கலை. சுவாமிமலை ஸ்தபதி இம்மூன்றையும் ஒரே பட்டறையிற் கற்கிறார். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசினர் சிற்பக் கல்லூரியிலும் கட்டடக்கலையும் சிற்பமும் ஓரிடத்திலேயே கற்பிக்கப்படுகின்றன.

இது பழங்கதை மட்டுமன்று. 2012 ஒலிம்பிக் விளையாட்டை ஒட்டி ஸ்ட்ரற்போட்டில் எழுந்த 114.5 மீற்றர் உயரமான ஓபிற் கோபுரத்தை, அனிஷ் கபூர் என்ற சிற்பியும், இலங்கையிற் பிறந்த செசில் பால்மண்ட் என்ற எஞ்சினியரும் சேர்ந்தே வடிவமைத்தனர்.

மேலைநாட்டுக் கல்விச்சாலைகளும் இவ்வழிக்கு வந்துள்ளன. அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் சிலவற்றில் ஒரே மாணவர் பொறியியலுடன் இசை, ஓவியம், வரலாறு ஆகியவற்றையும் படிக்கலாம். ஸ்மித் என்ற பெண்கள் கல்லூரி 2004இல் தன் முதலாவது பொறியியற் பட்டதாரிகளை அனுப்பிவைத்தது. இலண்டனில் இம்பீரியல் கல்லூரியும் றோயல் கலைக் கல்லூரியும் 1980 முதல் வடிவமைப்புப் பொறியியலில் கூட்டாக மேற்பட்டம் வழங்கி வருகின்றன. குமாரசுவாமி படித்த அதே யூனிவர்சிற்றிக் கல்லூரியில் கலையும் விஞ்ஞானமும் இணைந்த பட்டப்படிப்பு 2012இல் ஆரம்பமாயிற்று.

பலதையும் தொட்ட பிள்ளை ஒன்றிலும் தேறாது என்று சிலர் அஞ்சுவர். இந்த அச்சத்தை அலட்சியம் செய்தல் கூடாது. அத்திவாரமின்றிக் கோபுரம் எழாது. கணிதத்தில் பலவீனமான பிள்ளைக்கு எந்த வடிவமைப்புப் பொறியியலும் கைகூடாது. குமாரசுவாமியும் ஒரு துறையிலே கலாநிதிப் பட்டம் வரை ஆழ்ந்து கற்றவரே. எல்லாவற்றையும் மேலோட்டமாக அறிவது பற்றியன்று இங்கு பேச்சு. ஒன்றில் ஊன்றி நின்று மற்றதைக் கைவிடாதிருப்பதே வேண்டுவது. செலவும் சிறிதன்று. அமெரிக்கக் கல்லூரிகளின் கட்டணம், உதவிப்பணம் கிடைக்காவிடில் சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது.

ஆனால் கடல் கடந்து செல்லாமலே, கட்டணம் எதுவுமின்றிச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மருத்துவத்துக்கும் இரசாயனப் பொறியியலுக்கும் பெரும்பாலும் இரசாயனம் வேண்டும் என்பது மெய். ஆனால் கட்டடப் பொறியியல், இயந்திரப் பொறியியல் போன்றவற்றுக்குப் பல பல்கலைக்கழகங்கள் கட்டாயமாகக் கேட்பவை கணிதமும் பௌதிகமுமே. மூன்றாவது பாடம் பிள்ளையின் விருப்பத்துக்குரியது. அங்கே சித்திரமோ, இசையோ, வடிவமைப்பும் தொழில்நுட்பமுமோ இடம்பெறலாம். சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையை முற்கூட்டியே கேட்டறிந்தால் ஏமாற்றமும் நேராது.

பதினாறு வயதில் பறிக்கப்படும் கலை பின்னர் திரும்பி வருவது அரிது. பெறுபேறு வந்த வாரத்தின் பரபரப்பிலே முடிவு செய்யாமல், அதற்கு முந்திய குளிர்காலத்திலேயே பெற்றோர் பிள்ளையை அருகிலிருத்தி, மூன்றாவது பாடம் எது என்று அதன் வாயாலேயே சொல்லக் கேட்பது நலம்.