'எனக்கு ஏன் இந்தக் கஷ்டம்?' என்று கேட்பவரிடம்...

நோயில் விழுந்த எல்லோரும் ஒரு தடவையாவது கேட்கும் கேள்வி இது: 'எனக்கு ஏன்?' நாமும் சளைக்காமல் பதில் சொல்கிறோம். "எல்லாம் நல்லதுக்குத்தாங்க...", "ஆண்டவர் உங்களைக் கொண்டு ஏதோ பெரிசா செய்யப்போறார், அதான் இந்தச் சோதனை!" சொன்னவர் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார். படுத்திருப்பவர் விடிய விடிய அதோடு மல்லுக்கட்டுவார்.

துன்பத்துக்கு அர்த்தம் உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் உரிமை வலியை அனுபவிப்பவருக்குத்தான். பார்க்க வந்தவருக்கு இல்லை.

வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். மகளிர் மருத்துவராகும் ஆசையில் இருந்தவர். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு அவர் போன வண்டி கவிழ்ந்தது. முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே இயக்கம் போய்விட்டது. வயது முப்பதுகூட ஆகவில்லை!

'ஜெபித்தார், எழுந்து நடந்தார்' என்று கதை முடிந்திருந்தால் சாட்சி சொல்ல வசதியாக இருந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. 1986-ல் காலமாகும் வரை அவருக்குச் சக்கர நாற்காலிதான்.

அப்போது அங்கே டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். நம்ம கொல்லிமலையில், மிஷனரி பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சுட்டாலும் வெட்டினாலும் கவனிக்காமல் விட்டே கைகள் பாழாகின்றன என்று எடுத்துக்காட்டியவர். வலியைக் கடவுள் தந்த கொடை என்றே பேசியவர்! மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் ஆபரேஷனில் அவர் முன்னோடி. கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்ற வழியை மேரிக்குக் காட்டியவரும் அவர்தான்.

மேரி செய்தார். காலில் உணர்ச்சியற்ற டாக்டர், கையில் உணர்ச்சியற்ற நோயாளிக்கு! 'உங்களுக்கென்ன தெரியும் எங்க கஷ்டம்' என்று அந்த டாக்டரிடம் யார் சொல்ல முடியும்? பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கியது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

விபத்து நடந்ததே இதற்காகத்தான் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நடந்துவிட்டதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதில்தான் விசுவாசம் தெரிகிறது.

பைபிளையே பாருங்கள். பவுல் தன் உடம்பில் இருந்த உபத்திரவம் நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்கள்! பிறகு விளக்கம் சொல்ல ஆரம்பித்துக் கெடுத்தார்கள்.

சுகமளிக்கும் கூட்டங்களுக்குப் போவதைத் தப்பு என்று சொல்லவில்லை. மன ஆறுதல் பெரிய விஷயம். ஆனால் 'விசுவாசம் போதலை, அதான் சுகமாகலை' என்று சொன்னால் அது கொடுமை. ஏற்கெனவே நொந்தவர் தலையில் குற்றத்தையும் கட்டுகிற வேலை. அதைவிட ஆபத்து, ஜெபம் பண்ணியாச்சு என்று இன்சுலினையும் வலிப்பு மாத்திரையையும் நிறுத்துவது. தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் வைத்தியம் ஆரம்பித்த ஐடா ஸ்கட்டரும் ஜெபம் பண்ணியவர்தான். கூடவே மருந்தும் கொடுத்தார்!

உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. முதுகுத்தண்டு அடிபட்டோ பக்கவாதத்திலோ அசைய முடியாமல் கிடப்பவரை, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். ராத்திரி பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று அந்த வீட்டு அம்மா எழுந்துகொண்டே இருப்பார். "இன்னிக்கு ராத்திரி நான் பாத்துக்கறேன், நீங்க படுங்கக்கா" என்று சொல்லிப் பாருங்களேன். ஜெபம் பண்ணத் தோன்றினால் நோயாளியைக் கேட்டுவிட்டுப் பண்ணுங்கள். சின்னதாகவே இருக்கட்டும். அவருக்கும் தூக்கம் வேண்டுமே!