மாநகரத்தின் கடனும் எமது வாடகையும்

வீட்டுக் கடன், சீட்டுக் கடன், ஊரிலுள்ள உறவுகளுக்காகப் பட்ட கடன் எனக் கடனின் பாரத்தை நாம் நன்கறிவோம். ஆயின், நாம் கையொப்பமிடாத கடனொன்றையும் ரொறன்ரோவில் வாழும் எமது குடும்பங்கள் செலுத்தி வருகின்றன. அது மாநகரசபையின் கடன்.

ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தின்படி, அன்றாடச் செலவுகளுக்கென மாநகரசபை நீண்டகாலக் கடன் பெற இயலாது. ஊழியர் சம்பளமும் குப்பை அகற்றும் செலவும் அவ்வாண்டின் வருமானத்துள் அடங்கல் வேண்டும். பாலம், வீதி, ரயில்பாதை போன்று நெடுங்காலம் நிலைப்பனவற்றுக்கே கடன் பெறலாம். அதற்கெனச் சபை முறிகளை வெளியிட்டு, வங்கிகளின் வாயிலாக விற்கின்றது. வாங்கியோருக்குக் காலந்தோறும் வட்டி வழங்குகின்றது. முதலைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்காக ஆண்டுதோறும் ஒரு தொகையைப் புறம்பாக ஒதுக்கி வைக்கின்றது. விற்றுக் கொடுப்போருக்குத் தரகும், சபையின் நாணயத்தை மதிப்பிடும் நிறுவனங்களுக்குக் கட்டணமும் உண்டு.

இவை யாவும் நூலகத்துக்கும் பேருந்துச் சேவைக்கும் பணம் ஒதுக்கும் அதே வரவு செலவுத் திட்டத்திலிருந்தே செல்கின்றன. அதனைத் தாங்கும் பிரதான தூண் சொத்துவரி. கடனுக்குச் செல்லும் தொகை, சொத்துவரி வருமானத்தின் 15 விழுக்காட்டை மீறலாகாது என்பது சபை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட எல்லை.

எம்மவர் செறிந்து வாழும் ஸ்காபரோவே இதற்குத் தக்க சான்று. 2013 ஒக்ரோபரில், நிலக்கீழ் ரயில்பாதையை அங்கு நீட்டுவதெனச் சபை 24க்கு 20 என்ற வாக்குகளால் முடிவு செய்தது. சபையின் பங்கான 910 மில்லியன் டொலரில் கடனாகப் பெறும் பகுதியைத் தீர்ப்பதற்கெனச் சொத்துவரியில் 1.6 விழுக்காடு கூட்டப்பட்டது: 2014 இலும் 2015 இலும் தலா 0.5, 2016 இல் 0.6. முப்பது ஆண்டுக் கடனுக்கான ஏற்பாடு அது. 2019 இல் மாகாண அரசு அத்திட்டத்தைத் தன் கையில் எடுத்தது. 2023 யூலையில் ஸ்காபரோவின் பழைய ரயில் தடம்புரண்டு, அச்சேவை நிரந்தரமாகவே மூடப்பட்டது. வரி முன்னே வந்தது. ரயிலுக்குப் பதிலாகப் பேருந்தே கிடைத்தது.

இதே வழியிற் பிறந்ததே 2017 இல் தொடங்கிய நகரக் கட்டுமான நிதி வரி. போக்குவரத்துக்கும் வீடமைப்புக்கும் பெறும் கடனைத் தாங்குவதற்காக, அதனை 2025 வரை ஆண்டுதோறும் உயர்த்துவதென 2019 டிசெம்பரில் சபை தீர்மானித்தது. சொத்துவரிச் சிட்டையில் அது தனி வரியாகவே காட்டப்படுகின்றது. வீடு வைத்திருப்போர் ஒருமுறை அதனைத் தேடிப் பார்ப்பது நன்று.

"எமக்கு வீடில்லை, ஆகவே வரியுமில்லை" என்று வாடகைக்கு இருப்போர் எண்ணுதல் கூடாது. உரிமையாளர் செலுத்தும் வரி வாடகையினுள் மறைந்து நிற்கின்றது. பழைய வாடகைத் தொடர்மாடிகள் மீதான வரிவீதம், தனி வீடுகளுக்குரிய வீதத்திலும் கூடுதலாகவே நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. இன்னொன்றையும் அறிந்திருத்தல் நலம்: கட்டடத்தின் சொத்துவரி 2.49 விழுக்காட்டுக்கு மேல் குறையுமாயின், வாடகையும் குறைக்கப்படல் வேண்டுமென்பது மாகாணச் சட்டம். இதுபற்றிச் சபையிலிருந்து வரும் கடிதத்தை வாசியாது எறிந்துவிடாதீர்கள்.

கடன் வாங்குவதே தவறென்று நாம் கூறவில்லை. எம் பிள்ளைகள் ஐம்பது ஆண்டுகள் பயன்படுத்தப்போகும் பாதைக்கு இன்றைய தலைமுறை மட்டுமே பணம் கொடுப்பது நியாயமாகாது. எதற்காக வாங்கப்படுகின்றது, எப்போது பயன் தரும், எவர் செலுத்துவர் என்று கேட்கும் உரிமையே எமது கவலை. கனடியக் குடியுரிமை பெறாதோர் நகரத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. ஆயினும் அவர்கள் செலுத்தும் வாடகையிலும் இக்கடன் உண்டு. சபையின் வரவு செலவுக் குழு பொதுமக்களைச் செவிமடுக்கும்போது அங்கே பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. எழுத்திலும் கருத்தை அனுப்பலாம்.

வாக்கில்லாதவருக்கும் வாய் உண்டு. அடுத்த வரவு செலவுத் திட்டம் வரும்போது அதனைப் பயன்படுத்துவோம்.